கேம் சென்சார் கழற்றியல்: குத்துக்கல்வலசையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை ஆய்வுலகம் போதிய கவனம் செலுத்தாத ஊர். ‘குத்துக்கல்’ என்றால் நட்டுவைத்த கல். ‘வலசை’ என்றால் இடம்பெயர்தல். நகராததும் நகர்வதும் ஒரே பெயருக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பது நெடுநாளாக விளங்கவில்லை. சென்ற சாரல் பருவத்தில் விளங்கத் தொடங்கியது. டி.என். 76 எனத் தொடங்கும் எண்ணுடைய எங்கள் பதினோரு வயதுப் பெட்ரோல் கார், செல்ப் அடித்தால் நெடுநேரம் இருமிவிட்டுக் கிளம்பும்; பிறகு இருமல் மட்டும் மிஞ்சியது. “ஏ எய்யா, வண்டி என்ன குத்துக்கல்லாட்டம் நிக்கு?” என்றார் எதிர்வீட்டு ஆச்சி. ஊர்ப்பெயரின் முற்பாதிக்குச் சான்று கிடைத்தாயிற்று. பிற்பாதிக்கான தேடலே இக்கட்டுரை.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையில் நமக்குக் கிடைக்கும் ஒரே எழுத்துச் சான்று, கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்று வழங்கிய எஸ்டிமேட். இதை நான் செப்பேடாகவே கொள்கிறேன். மெய்க்கீர்த்தியில் தொடங்குகிறது: நிறுவனத்தின் பெருமை, பெற்ற விருதுகள், ஏ.சி. வைத்த காத்திருப்பு அறை. அடுத்து கொடைப் பகுதி, கொடையாளி நான். சென்சார் விலை, ஸ்கேன் செய்த கட்டணம், கழற்றி மாட்டும் கூலி, கூலிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., கடைசியில் ‘கன்ஸ்யூமபிள்ஸ்’. இச்சொல்லுக்கு உரை தேடினேன். கை துடைக்கும் துணி என்பது பொருளாம் (கவுன்டர் ஊழியர், வாய்மொழி, தலை நிமிராமல்).

செப்பேடுகளின் முடிவில், தர்மத்தை அழித்தவன் இன்ன பாவத்தில் போவான் என்று ஓம்படைக்கிளவி வரும். இங்கும் வருகிறது: வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போகும். வாரண்டி செத்துப் பல ஆண்டு ஆன வண்டியையும் இச்சாபம் பிடிக்குமா என்பது தனி ஆய்வுக்குரியது.

3. மூலபாடம்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு அது கட்டாயம். அதில் சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் வண்டியின் மனக்குறை செல்போனில் வந்து விழும். எங்கள் வண்டி ஒரே சொல்லில் முறையிட்டது: பி0340. ‘கேம்ஷாப்ட் பொசிஷன் சென்சார் சர்க்யூட்’ என்பது இதன் விரிவு.

அறிஞர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். மூலத்தில் இருப்பது ‘சர்க்யூட்’. சென்சாரும் அதில் அடக்கம், வயரும் அடக்கம், கப்ளரும் அடக்கம். சென்சார் செத்துவிட்டது என்பது உரைகாரர்கள் சேர்த்த விளக்கம். உரை எழுதும்முன் மூலத்தை ஒருமுறை வாசிப்பது என்னும் வழக்கம் நம் ஆய்வுலகில் இன்னும் பரவலாகவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நான் வயரைத்தான் முதலில் பார்த்தேன். எலி கடித்திருக்கவில்லை. கப்ளரில் மூன்று வயர்: ஒன்றில் கரன்ட் வந்தது, ஒன்று எர்த், இரண்டும் சரி. மூன்றாவதான சிக்னல் மட்டும் ஊமை. காந்தப்புலம் மின்னோட்டத்தோடு செய்யும் குறும்பை எட்வின் ஹால் 1879இல் கண்டார். கேம்ஷாப்டோடு சுழலும் பல் பக்கத்தில் வரும்போதெல்லாம் சென்சார் ஒரு துடிப்பை அனுப்புவது அந்தப் புண்ணியத்தில்தான். எந்தச் சிலிண்டருக்கு எப்போது பெட்ரோல் பீச்சுவது என்று இன்ஜினின் கணக்குப்பிள்ளை அதையும் வைத்தே முடிவு செய்கிறார். எங்கள் வண்டியில் கணக்குப்பிள்ளைக்குத் தகவல் வரவில்லை.

4. வகைப்பாடு

ஆக்சிஜன் சென்சார்: சைலன்சர் குழாயில் இருக்கும், சுடும்.

நாக் சென்சார்: தட்டினால் கேட்கும்.

மேப் சென்சார்: வழி காட்டாது.

கிராங்க் சென்சார்: அடியில் கிடக்கும், என் இடுப்பு அதற்கு ஆகாது.

கேம் சென்சார்: மேலேயே இருக்கும், ஒரே போல்ட்.

5. லாக் குறித்த சர்ச்சை

போல்ட்டுக்குப் போகும்முன் கப்ளரைக் கழற்ற வேண்டும். கப்ளரில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் லாக். இதைத் திறக்கும் முறையில் இரு பள்ளிகள் உண்டு. அமுக்க வேண்டும் என்பார் அமுக்குவாதிகள் (டீக்கடை, இடது பெஞ்சு). ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டும் என்பார் நெம்புவாதிகள் (டீக்கடை, வலது பெஞ்சு, இரண்டாவது டீ, இதற்கு இடது பெஞ்சின் மறுப்பு, வடை வருமுன்).

இது குறித்து எங்கள் வாசலில் ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. சாரல் விழுந்ததால் பானெட்டுக்குக் குடை பிடிக்கப்பட்டது; பங்கேற்பாளர்கள் நனைந்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் மச்சான் துபாயிலிருந்து வீடியோ காலில் வந்தமையால் இது பன்னாட்டுக் கருத்தரங்கு ஆயிற்று. நம் கல்லூரிகளிலும் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படுவதில்லை. அவர் நெம்புவாதத்தை ஆதரித்தார் (துபாய், படம் உறைந்த நிலையில், வாயசைவு கொண்டு ஊகித்தது, ஒப்புநோக்குக: அவரே, சென்ற பொங்கலுக்கு வந்தபோது மிக்சி கழற்றியது, மீதமான திருகுகள் மூன்று, அவற்றுள் ஒன்று மிக்சியுடையது அன்று எனும் ஆச்சியின் மாற்றுக் கருத்து).

விவாதம் முக்கால் மணி நேரம் நீண்டது. அப்போது பஞ்சர் கடைப் பையன் ஒருவன் சைக்கிளை நிறுத்தினான். “அண்ணாச்சி, மொதல்ல கப்ளர லேசா உள்ள தள்ளுங்க. பெறவு லாக்க அமுக்கிட்டு இழுங்க” என்றான். உள்ளே தள்ளினால் லாக்கின் பிடி தளரும், அமுக்கினால் விடும். பதினோரு வருடம் இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக்கை நெம்பினால் ஒடியும். தள்ளினேன், அமுக்கினேன், வந்துவிட்டது. பையனுக்கு முனைவர் பட்டம் இல்லாததால் அவன் கூற்றை மேற்கோளாகக் கொள்ள இயலவில்லை.

6. இடைச்செருகல்

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., கம்பன் பாட்டுகளில் தம் காதுக்கு ஒவ்வாதவற்றை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். ஏட்டை நம்பிய புலவர்கள் கொதித்தார்கள். ஸ்பேர்ஸ் கடையிலும் அதே சண்டைதான். ஒரிஜினல் போலவே பெட்டி, ஒரிஜினல் போலவே ஸ்டிக்கர், உள்ளே இடைச்செருகல். இவ்விஷயத்தில் மட்டும் நான் புலவர்கள் கட்சி. காது உதவாது, பழைய சென்சாரில் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரே ஏடு. அந்தச் சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், எண், நீளம், பின் அமைப்பு மூன்றையும் ஒப்பிட்டுத்தான் வாங்கினேன்.

7. முடிவுரை

இக்னிஷனை ஆப் செய்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியது. போல்ட்டை எடுத்து, சென்சாரை இப்படியும் அப்படியும் திருகி உருவியது. புதியதன் ஓ-ரிங்கில் ஒரு சொட்டு ஆயில் தடவிச் செருகியது. போல்ட்டை அளவாக முறுக்கியது. கப்ளரை ‘க்ளிக்’ கேட்கும்வரை தள்ளியது. பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் பி0340ஐ அழித்தது. கருத்தரங்கு நீங்கலாக இருபது நிமிடம். முதல் செல்பிலேயே கிளம்பியது. அன்றிரவு பிரானூர் பார்டர் வரை பரோட்டாவுக்கு வலசை போய்வந்தோம். ஊர்ப்பெயரின் பிற்பாதியும் நிறுவப்பட்டது.

இக்கட்டுரையைப் பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாக அன்று மாலையே பதில் வந்தது. கூடவே பதிப்புக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், கூரியர் செலவு என்று ஓர் எஸ்டிமேட்டும். அதில் கன்ஸ்யூமபிள்ஸ் மட்டும்தான் இல்லை. ஆகவே இதையும் வீட்டிலேயே முடித்துக்கொள்வது எனத் துணிந்தேன்.

போல்ட் ஒன்று, பத்தாம் நம்பர் ஸ்பானர். லாக்கை நெம்பாதீர்கள்.