பத்தாம் வகுப்பு எட்டாம் இயலும் அதனைச் சூழ்ந்த பேச்சின் பரவலும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் எட்டாவதும் இறுதியுமான இயல் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ என்பதாகும். வீச்சு, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு முதலிய அளவைகளை அவ்வியல் பகடைகளையும் நாணயங்களையும் பிறர் மதிப்பெண்களையும் கொண்டு விளக்குகிறதே அன்றி, அதனைப் பயிலும் மாணவர் தேர்வுக்கு முன்னும் பின்னும் தமக்குள் நிகழ்த்தும் பேச்சே அவ்வளவைகளுக்கு மிக வளமான தரவு என்பதைக் கருத்திற் கொள்ளவில்லை. அக்குறையை ஓரளவு நிரப்பும் நோக்குடன் இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

முதற்கண் ‘சாய்ஸில் விடுதல்’ என்னும் வழக்காறு விளக்கத்தக்கது. பொதுத்தேர்வு வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 14 தரப்பட்டு 10-க்கு விடை கோரப்படுவதாலும், ஐந்து மதிப்பெண் வினாக்களிலும் அதே ஏற்பாடு இருப்பதாலும், இறுதி இயலை முற்றிலும் படியாமலே கரையேறலாம் என்னும் கொள்கை வகுப்பின் பின்வரிசைகளில் தோன்றி, அரையாண்டுத் தேர்வுக்குள் முன்வரிசைகளையும் எட்டிவிடுகிறது. 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள் என்பதும், அவை எந்த இயலிலிருந்தும் பிறக்கலாம் என்பதும் இக்கொள்கையினர்க்குத் தெரியாதவை அல்ல, தெரிந்தும் பேசப்படாதவை.

தேர்வு நாட்காலையில் பள்ளி வாயிலில் திரட்டத்தக்க தரவு ஒரே வடிவினது. எவரை வினவினும் “ஒண்ணுமே படிக்கலடா” என்பதே விடையாகும். ஒவ்வொருவரும் படித்ததாக ஒப்புக்கொள்ளும் நேரம் சுழியம் ஆதலின், கூட்டுச் சராசரியும் சுழியம். எந்த மதிப்பும் சராசரியிலிருந்து விலகாமையால் திட்ட விலக்கமும் சுழியம். திட்ட விலக்கம் என்பது, மதிப்புகள் சராசரியிலிருந்து விலகும் அளவுகளை வர்க்கப்படுத்தி, அவ்வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் காண்பதாகும். அப்பெயரால் அதனை 1894-இல் அச்சேற்றிய கார்ல் பியர்சன், இத்துணை ஒருமைப்பாடுள்ள தரவை இங்கிலாந்தில் கண்டிருக்க வாய்ப்பில்லை. இனி, திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு கிடைக்கும் என்பதும், அக்கெழு குறையக் குறையத் தரவின் சீர்மை மிகும் என்பதும் பாடநூல் விதி. இங்கோ சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க நேர்வதால், உலகிலேயே மிகச் சீரான இத்தரவின் சீர்மையை அளக்கவே இயலாது என்னும் விந்தையான முடிவு பெறப்படுகிறது. இவ்வாறு மொழிந்தவருள் ஒருவர் பின்னர் சென்டம் எடுப்பதும் உண்டு. ஆனால் அது அறவியல் துறைக்குரிய செய்தி.

அடுத்து, ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ எனப்படும் முன்னறிவிப்புகள். சென்ற ஆண்டு வந்தமையால் இவ்வாண்டும் உறுதியாக வரும் என்பது ஒரு மரபு. சென்ற ஆண்டு வந்துவிட்டமையால் இவ்வாண்டு உறுதியாக வராது என்பது மற்றொரு மரபு. ஒரு வினா வருதலும் வாராமையும் ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள், அதாவது சேர்ந்து நிகழ இயலாதவை. அத்தகையவற்றின் நிகழ்தகவுகளைக் கூட்டலாம் என்று விதி இருப்பதாலும், உறுதியான நிகழ்ச்சியின் நிகழ்தகவு 1 என்பதாலும், இரு மரபுகளையும் ஒருங்கே நம்பும் மாணவர் நிகழ்தகவை 2 வரை உயர்த்திவிடுகிறார். நிகழ்தகவு 1-ஐ மிஞ்சாது என்று அவரே மறுபக்கத்தில் அடிக்கோடிட்டு வைத்திருப்பார்.

சீட்டுக்கட்டுக் கணக்குகள் தனிக் கவனத்திற்குரியன. சீட்டுக்கட்டு வீட்டிற்குள் நுழையவே கூடாது என்று விதித்திருக்கும் பெற்றோரின் பிள்ளை, 52 சீட்டுகளில் சிவப்பு 26, கறுப்பு 26, ராஜா, ராணி, ஜாக் ஆகிய படச் சீட்டுகள் 12 என்று விடியற்காலையில் உரத்த குரலில் ஒப்பிப்பதும், அதே பெற்றோர் அதனைக் கேட்டு உளம் மகிழ்ந்து காப்பி கொணர்ந்து தருவதும், கல்வியின் பெயரால் மட்டுமே நிகழக்கூடியவை. லீப் ஆண்டில் 53 சனிக்கிழமைகள் அமைவதற்கான நிகழ்தகவு 2/7 என்பதையும் மாணவர் அறிவர். சனிதோறும் சிறப்பு வகுப்பு நடைபெறும் பள்ளிகளில் அதனை அவர்கள் நற்செய்தியாகக் கொள்வதில்லை.

ஒரு மதிப்பெண் வினாக்கள் 14-க்கும் நான்கு விடைகளுள் ஒன்றை ‘இங்கி பிங்கி பாங்கி’ முறையில் தெரிவு செய்வோர் சராசரியாக மூன்றரை மதிப்பெண்ணை எதிர்நோக்கலாம். பதினான்கும் சரியாக அமைவதற்கான நிகழ்தகவு 26,84,35,456-இல் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 7.21 கோடியாக இருந்த தமிழ்நாட்டு மக்கள் அனைவரும், கைக்குழந்தைகள் உட்பட, தலைக்கு மூன்று முறை அவ்வாறு எழுதினாலும் வாய்ப்புகள் அவ்வெண்ணை எட்டா. எனினும் இம்முறை கைவிடப்படவில்லை.

தேர்வு முடிந்த பின் நிகழும் விவாதமே இப்பொருளின் உச்சம். முதல் 21 இயல் எண்களின் திட்ட விலக்கம் யாது என்னும் வினாவைக் கொள்க. கணிப்பான் அனுமதிக்கப்படாத தேர்வாகையால், 36.67 என்னும் எண்ணுக்குக் கையால் வர்க்கமூலம் காண வேண்டியிருக்கிறது. ஒருவர் 6.05 என்பார், தசமத்தை முழுமையாக்கியவர் 6.06 என்பார், வர்க்கமூலம் எடுக்க மறந்தவர் 36.67 என்று கூறிவிட்டு, சுற்றியிருப்போரின் முகங்களை நோக்கியதும் “அடுத்த ஸ்டெப்பும் போட்டேன்” என்று சேர்த்துக்கொள்வார். அதிகமானோர் கூறும் மதிப்பு முகடு எனப்படும். ஆயின் விவாதம் முகட்டைக் கொண்டு முடிவதில்லை. வகுப்பில் முதலிடம் பெறுபவர் தாமதமாக வெளியே வந்து ஓர் எண்ணைச் சொன்னதும் ஏனைய தரவுகள் யாவும் செல்லாதவை ஆகின்றன. மாதிரியின் அளவு ஒன்றாக இருந்தும் முழுத்தொகுதியைக் கட்டுப்படுத்தும் இம்முறை, எந்தப் பாடநூலிலும் இடம்பெறாமலே எல்லாப் பள்ளிகளிலும் வழங்குகிறது. வினா தவறானது என்று கூறி அனைவருக்கும் ஒரு போனஸ் மதிப்பெண் வழங்கப்படும் என்னும் வதந்தி கிளம்பும்போது எழும் ஆரவாரமும் ஆராயத்தக்கது. ஒவ்வொரு மதிப்புடனும் ஒரே எண்ணைக் கூட்டினால் திட்ட விலக்கம் மாறாது என்று சற்று முன்னர்த்தான் அவர்கள் எழுதி வந்தனர்.

வீட்டில் “எவ்வளவு வரும்?” என்று கேட்கப்படும்போது “எண்பதுக்கு மேல வரும்” என்று கீழெல்லையை மட்டும் கூறுவது மாணவர் மரபு. பெற்றோர் இனி மேலெல்லையையும் உடன் கேட்டு வாங்கிக்கொள்வாராக. இரண்டும் கிடைத்தால் வீச்சு காண ஒரு கழித்தலே போதும்.