ஏழரைச் சனி

இலங்கைக்கு மீட்பர் ஒருவர் உண்டு என்று வெள்ளவத்தையில் சொன்னால், எந்தக் கட்சி என்று கேட்பார்கள். கொட்டாஞ்சேனையில் சொன்னால், எந்தச் சபை என்று கேட்பார்கள். ஆள் கனடாக்காரர். பெயர் லெனார்ட் பேர்ச்சல். இந்த நாட்டை மீட்பதற்கு முன்னர் அவர் இங்கே தங்கியிருந்தது இரண்டே நாள். எங்கள் அமைச்சர் ஒருவருக்கு மாலை போட்டு முடிக்கவே அவ்வளவு நேரம் செல்லும்.

மீட்ட நாள் 1942 ஏப்ரல் 4, சனிக்கிழமை. அதிலும் உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாளான பெரிய சனி. கத்தோலிக்கருக்கு அது ஆண்டவர் கல்லறையில் கிடந்த நாள். சைவருக்குச் சனி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பேர்ச்சலுக்கு இரண்டு சமயமும் ஒரே நாளில் பலித்தன.

உயிர்த்த ஞாயிறு என்றதும் கொச்சிக்கடைப் பக்கத்தில் இன்றைக்கு 2019 குண்டுவெடிப்புத்தான் நினைவுக்கு வரும். அதில் பகிடிக்கு இடமில்லை. நான் சொல்வது அதற்கு 77 வருடம் முந்திய இன்னொரு உயிர்த்த ஞாயிறு.

பேர்ச்சல் 1915இல் ஒன்ராறியோ மாகாணத்தின் சென் கத்தரின்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். போரில் அவருடைய முதல் வீரச்செயலில் ஒரு துப்பாக்கிக் குண்டும் செலவாகவில்லை. 1940 ஜூன் 10ஆம் திகதி இத்தாலி போரில் குதித்தபோது, கப்போ நோலி என்ற இத்தாலியச் சரக்குக் கப்பல் ஒன்று கனடாவின் சென் லோரன்ஸ் கடற்பகுதியில் அகப்பட்டுக்கொண்டது. பேர்ச்சல் அதற்கு மேலால் தாழப் பறந்து, அடிக்கப்போவதுபோல ஒரு பாவனை காட்டினார். கப்பித்தான் வெருண்டு கப்பலைக் கொண்டுபோய்த் தரைதட்ட வைத்துவிட்டார். இவர் பக்கத்திலேயே தண்ணீரில் விமானத்தை இறக்கிவிட்டுக் கடற்படை வரும்வரை காவல் இருந்தார். பயிர் மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு, விதானையார் வரும்வரை வேலியோரம் குந்தியிருப்போமே, அதே முறை.

இங்கே கொழும்பில் நிலைமை வேறு. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன் போனது. அடுத்தது நாங்கள்தான் என்பதைச் சொல்லச் சாத்திரியார் தேவைப்படவில்லை. போருக்காகத் தீவின் மணிக்கூடுகளையெல்லாம் ஜனவரியிலேயே அரை மணி முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். (கஷ்டம் வந்தால் நேரத்தை மாற்றுவது எங்கள் நாட்டு வைத்தியம். 1996இலும் செய்தோம்.) ஏப்ரல் 1ஆம் திகதியளவில் ஜப்பான்காரன் வருவான் என்று உளவுத்துறை நாள் குறித்துக் கொடுத்தது. முட்டாள்கள் தினம் என்பதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிரித்தானிய அட்மிரல் சமர்வில் தன் கப்பற்படையோடு தீவுக்குத் தெற்கே இரண்டு மூன்று நாள் சுற்றிச்சுற்றிக் காத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் முடிகிற கட்டத்தில், ஏப்ரல் 2ஆம் திகதி, உலையை இறக்கிவைத்துவிட்டு மாலைதீவுக் கூட்டத்தின் தென்கோடியில் உள்ள அட்டு அட்டோலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் பேர்ச்சல் வந்து இறங்கினார். அவருடைய 413ஆவது படைப்பிரிவு ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் விறைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து தூக்கிக் காலிக்கும் மாத்தறைக்கும் நடுவிலுள்ள கொக்கலை வாவியில் போட்டார்கள். சித்திரை மாதத்து அவியலில் கம்பளிச் சட்டையோடு வந்த மனிதரை, ஒரு நாள் ஆறவிட்டு, மறுநாள் விடியமுன் ரோந்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஏற்றிய வாகனத்தையும் சொல்ல வேண்டும். கத்தலினா என்பது தண்ணீரில் இறங்கும் விமானம். பெயர் சினிமா நடிகையின் பெயர்போல இருந்தாலும் நடை மாட்டுவண்டில். முக்கித்தக்கி ஓடினாலும் மணிக்கு 200 மைல் எட்டாது. எதிரியின் சீரோ விமானம் 300ஐத் தாண்டும். கத்தலினாவின் ஒரே பலம், நாள் முழுக்க இறங்காமல் பறக்கும் என்பது. ஒன்பது பேர் ஏறினார்கள்.

மாலைவரை கடல், கடல், கடல். உண்மையில் வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் கொக்கலை வாவியில் இருட்டில் இறங்க வழியில்லை. எப்படியும் விடியும்வரை ஆகாயத்தில்தான் சுற்ற வேண்டும். சுற்றுவதை உருப்படியாகச் சுற்றுவோம், நிலவு வந்ததும் அதை வைத்து எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் பார்ப்போம் என்று வழிகாட்டி ஒனியட் சொன்னார். அதற்காகத் தெற்கே இன்னும் ஒரு துண்டு போனார்கள். போன இடத்தில் தொடுவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. சரி, என்னவென்று பார்ப்போம் என்று கிட்டப் போனார்கள். ஒரு புள்ளி பல புள்ளியானது. எத்தனை கப்பல் என்று எண்ணத் தொடங்கியவர்கள், தாங்கள் யாருடைய வாசலில் நிற்கிறோம் என்பதை எண்ணி முடிக்கமுன்னரே விளங்கிக்கொண்டார்கள். அட்மிரல் நகுமோவின் படை. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். நாலு மாதத்துக்கு முன்னர் பேர்ள் ஹார்பரைப் பொசுக்கிய அதே கூட்டம்.

ஆக, இலங்கை தப்பியதற்கு முதற்காரணம் கொக்கலை வாவியில் விளக்கு இல்லாதது. எங்கள் வரலாற்றில் அபிவிருத்திக் குறைவால் கிடைத்த நன்மை இது ஒன்றுதான்.

எதிரியைக் கண்டால் செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. அதாவது விண்ணப்பம் மூன்று பிரதி. இடம், திசை, வேகம் என்று இரண்டு முறை போய்விட்டது. மூன்றாவது பாதியில் நிற்கும்போது சீரோ விமானங்களின் குண்டு வானொலிக் கருவியைப் பிளந்தது. எண்ணெய்த் தாங்கி தீப்பிடித்தது. பேர்ச்சல் எரிகிற விமானத்தைக் கடலில் இறக்கினார். தண்ணீரில் மிதந்தவர்களையும் மேலிருந்து சுட்டார்கள். ஒன்பது பேரில் மூவர் அங்கேயே போனார்கள். ஆறு பேரை இசோகசே என்ற நாசகாரிக் கப்பல் பொறுக்கி எடுத்தது.

மேல்தளத்தில் விசாரணை. செய்தி அனுப்பினாயா? இல்லை என்றார் பேர்ச்சல். அடி. அனுப்பினாயா? இல்லவே இல்லை. இன்னும் அடி. ஒரு கட்டத்தில் அவர் சொல்வதை நம்பிவிடலாம் என்ற நிலைக்கு அவர்கள் வந்திருக்கக்கூடும். அப்போதுதான் காற்றலையில் கொழும்பின் குரல் வந்தது: உங்கள் செய்தி தெளிவில்லை, தயவுசெய்து மறுபடி அனுப்பவும்.

கொழும்புக் கந்தோர்களில் எதையாவது ஒரே தடவையில் கொடுத்து முடித்த அனுபவம் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள். பிறப்புச் சான்றிதழோ காணி உறுதியோ, இன்னொரு பிரதி கொண்டு வா என்பார்கள். பேர்ச்சலுக்கும் அதுதான் நடந்தது. அந்த மனிதர் நகரத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லி அடி வாங்கிக்கொண்டிருக்க, அந்த நகரமே எழுந்து நின்று அவரைக் காட்டிக்கொடுத்தது. பிறகு விழுந்த அடியை எழுதத் தேவையில்லை.

இவ்வளவும் பட்டு ஒருவர் அனுப்பிய செய்தியைக் கொழும்பு என்ன செய்தது? துறைமுகத்திலிருந்து பல கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். அது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. வெறும் தொட்டியில் மீன் பிடிக்க வந்தவன்போல ஆனான் ஜப்பான்காரன். ஆனால் வருவான் என்று இரவே தெரிந்திருந்தும், அவன் வந்தபோது எங்கள் விமானங்கள் ஆகாயத்தில் இருக்கவில்லை.

ஞாயிறு காலை ஏழரை மணியளவில் வந்தான். சனியில் தொடங்கியது ஏழரையில் வந்து நின்றதைச் சாத்திரம் நம்பாதவர்களும் கவனிக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் சனம் சந்த லூசியாவில் பூசைக்கு நிற்கிற நேரம். அந்த நாளில் நற்கருணை வாங்க நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது. ஆகவே வெறும் வயிறு, புதுச் சட்டை, லத்தீன் மந்திரம். மீட்பர் உயிர்த்தார் என்று உள்ளே பாடிக்கொண்டிருக்க, இன்னொரு மீட்பர் கடலில் எங்கோ ஒரு கப்பலுக்குள் மூக்கால் இரத்தம் வடியக் கிடந்தார். வெளியே, கூப்பிடு தூரத்தில், துறைமுகத்தில் குண்டு. ஹெக்டர், டெனெடொஸ் என்று இரண்டு போர்க்கப்பல்கள் அங்கேயே தாண்டன.

வந்த நூற்றிருபதுக்கு மேற்பட்ட விமானங்களுக்குத் தலைவர் ஃபுச்சிடா. பேர்ள் ஹார்பரிலும் அவர்தான். இந்த ஃபுச்சிடா போர் முடிந்தபின் கிறிஸ்தவராகி, ஊர் ஊராக நற்செய்தி சொல்லித் திரிந்தார். உயிர்த்த ஞாயிறு பூசையை அந்த மாதிரிக் குழப்பியவருக்கு அதைவிட நல்ல பாவசங்கீர்த்தனத் தண்டனை சந்த லூசியாப் பங்குத்தந்தைக்கும் தோன்றியிருக்காது.

வெள்ளவத்தைக்காரருக்கு அன்று இரண்டு பக்கமும் காட்சி. தெஹிவளையும் கல்கிசையும் தாண்டினால் இரத்மலானை விமானத்தளம். அங்கே எங்கள் ஹரிக்கேன் போர்விமானங்கள் தரையை விட்டுக் கிளம்பமுதலே மேலே எதிரி வந்துவிட்டான். மற்றப் பக்கம் கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடல். அங்கே இரகசியமாக ஓர் ஓடுபாதை போட்டிருந்தார்கள். ஜப்பானியருக்கு அது தெரியாது. பல காலமாகக் கிளாக்கர்மாரின் சம்பளம் பறந்த இடத்தில் அன்று விமானமும் பறந்தது. நடுவில், ஒன்றும் தெரியாமல் திருகோணமலையிலிருந்து ஆறு சுவோட்ஃபிஷ் விமானங்கள் டோர்பிடோவைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. இரட்டைச் செட்டைக் கிழட்டு விமானங்கள். ஆறும் போயின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அதைப் பற்றி எழுத எனக்குப் பகிடி வரவில்லை.

ஜப்பானியர் இழந்தது ஏழு விமானம் என்பது அவர்களுடைய கணக்கு. நாங்கள் வீழ்த்தியதாகச் சொன்ன கணக்கு அதைப்போலப் பல மடங்கு. கடலுக்குள் விழுந்ததை யார் போய் எண்ணுவது? பிற்பகலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு கப்பல்களைத் தெற்கே கடலில் மூழ்கடித்து 424 பேரைக் கொன்றுவிட்டு நகுமோ போனார். இரண்டும் முதல்நாள் இரவு கொழும்பிலிருந்து தப்பிப் போன கப்பல்கள். அதற்குப் பிறகு கொழும்பில் யார் நின்றது? சட்டி பானையோடு ஊர் போனார்கள். கோட்டைப் புகையிரத நிலையத்தில் கால் வைக்க இடமில்லை.

பேர்ச்சலைச் சனி ஜப்பான்வரை கொண்டுபோனது. ஒஃபுனாவில் இரகசிய விசாரணை முகாம், பிறகு யோக்கோஹாமா. கைதிகளுக்குள் மூத்த அதிகாரி என்பதால் அடி வாங்குவதில் அவருக்கே முன்னுரிமை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கைதியை அடித்த காவலாளியை இடையில் புகுந்து தடுத்தார். நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது, ஒருவரும் எழும்பாதீர்கள் என்று சொல்லிக் கைதிகளை வைத்தே வேலைநிறுத்தம் நடத்தினார். நோயாளிகளை விடுவித்த பிறகுதான் எழுந்தார்கள். கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிற்சங்கத்தில் பிறந்திருக்க வேண்டிய மனிதர், தவறிப்போய் ஒன்ராறியோவில் பிறந்துவிட்டார். யார் அடித்தான், யார் செத்தான் என்று எழுதி ஒளித்துவைத்த குறிப்பேடுகள் பின்னர் போர்க்குற்ற விசாரணையில் சாட்சியாகின.

1945 ஆகஸ்ட்டில் விடுதலை. ஏழரை வருடம் பிடிக்க வேண்டிய சனி மூன்று வருடமும் நாலு மாதமும் சென்றதும் இந்த ஆளிடம் அலுத்து இறங்கிவிட்டது.

பிறகு பதக்கம் பதக்கமாக வந்தது. கடலில் கண்டதற்கு டி.எஃப்.சி., முகாமில் பட்டதற்கு ஓ.பி.ஈ., அமெரிக்காவின் லீஜியன் ஒஃப் மெரிற். பத்திரிகைகள் இலங்கையின் மீட்பர் என்றன. அவர் அந்த நாளைச் சொன்னால் நிலவு வரும், வழிகாட்டி வருவார், வாவி வரும். மீட்பர் மட்டும் வரமாட்டார். வேறொருவராக இருந்தால் காலி முகத்திடலில் தன் சிலைக்குத் தானே அடிக்கல் நாட்டியிருப்பார்.

அடக்கம் எந்த அளவுக்கு என்றால், சேர்ச்சிலுக்கே ஆளைத் தெரியாது. போருக்குப் பிறகு வோஷிங்டனில் ஒரு விருந்து. போரில் மிக ஆபத்தான நேரம் எது என்று கேட்டதற்கு, ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருகிறது என்ற செய்தி கிடைத்த நேரம்தான் என்றாராம் சேர்ச்சில். அதைக் கண்டு சொன்ன பெயர் தெரியாத விமானி இந்து சமுத்திரத்தின் அடியில் கிடக்கிறான் என்று துக்கமும் காத்தாராம். பக்கத்திலிருந்த கனடாக்காரர் லெஸ்டர் பியர்சன், ஐயா, அவர் சாகவில்லை, இதே தெருவில் எங்கள் தூதரகத்தில்தான் வேலை செய்கிறார் என்று சொல்லவேண்டி வந்தது. செத்தவீட்டுப் பேச்சின் நடுவில் பிணம் தேத்தண்ணீர் கேட்டால் எப்படி இருக்கும்? விருந்துக் கதை இது, அதனால் கொஞ்சம் உப்புப் புளி கூடவும் இருக்கலாம்.

1967இல் கனடாவின் மூன்று படைகளையும் ஒன்றாகக் கலக்கும் திட்டம் பிடிக்காமல் படையை விட்டார். ரொறன்ரோவில் யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலை பார்த்து 1982இல் ஓய்வு. கௌரவப் பதவிகளையும் சேர்த்து 62 வருட விமானப்படைச் சேவைக்கு கனடா ஒரு பதக்கத்தில் ஐந்து பட்டிகை கொடுத்தது. 12 வருடம் ஒழுக்கமாக இருந்தால் பதக்கம், அதற்குமேல் ஒவ்வொரு பத்து வருட ஒழுக்கத்துக்கும் ஒரு பட்டிகை. 62 வருடத்தில் ஒரு தடவைதான் பிடிபட்டார், அதுவும் ஜப்பானியரிடம்.

அவர் ரொறன்ரோவில் வேலையை விட்ட மறுவருடம் 83 இனக்கலவரம் வந்தது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் மறுபடி சட்டி பானையோடு ஓடின. இந்த முறை நிறையப் பேர் ஓடிப்போய் நின்ற இடம் அவருடைய மாகாணம். 2004இல் சாகும்வரை அவர் இருந்தது கிங்ஸ்ரனில். ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குக் கலியாணத்துக்குப் போகும் எங்கள் ஆட்கள் 401 நெடுஞ்சாலையில் அந்த ஊரைத்தான் தாண்டுவார்கள். பெற்றோல் அடித்து, கோப்பி வாங்கி, பிள்ளைகளைக் கழிவறைக்கு அனுப்பிவிட்டு, முன்சீட்டில் இருப்பவர் பின்சீட்டுக்குத் திரும்பி, வெள்ளவத்தையில் எங்களுக்குக் கடற்கரைப் பக்கம் வீடு இருந்தது தெரியுமா என்று கதையைத் தொடங்குவார்.