தீராத வெந்நீர் வேண்டாம், சித்தப்பா

மினியாபொலிஸ்,
பிப்ரவரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முழங்கால் வலி தேவலையா? "வெந்நீர் போடுவதற்கு இவ்வளவு டாலரா?" என்று போனில் கேட்டீர்களே. சித்தி பக்கத்தில் இருந்ததால் அன்று முழுத் தொகையையும் சொல்லவில்லை. விவரமாக எழுதுகிறேன், தொகையை இதிலும் எழுத மாட்டேன்.

எங்கள் பேஸ்மென்ட்டில் 50 கேலன், அதாவது 190 லிட்டர் டேங்க் ஒன்று நின்றது. நம் பழைய செம்பு பாய்லர் மாதிரிதான். பச்சைத் தண்ணீர் அடியில் போய்ச் சேரும், வெந்நீர் மேலிருந்து கிளம்பும். கீழே கேஸ் அடுப்பு. உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி தொங்கும்; இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அது கரைந்துகொண்டே வரும். அது தீர்ந்ததும் டேங்கையே துரு தின்னத் தொடங்கிவிடும். 10, 12 வருடம்தான் ஆயுள் என்பார்கள். எங்களுடையது அதையும் தாண்டி உழைத்துவிட்டுப் பொங்கலன்று அடியில் ஒழுகிற்று.

பிளம்பர் வந்தார். வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம். "இந்தக் காலத்தில் யார் டேங்க் வைக்கிறார்கள்? சுவரில் மாட்டுகிற டேங்க் இல்லாத ஹீட்டர்தான் புதுசு. வெந்நீர் தீரவே தீராது" என்றார். புதுசு என்றது எனக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிற தண்ணீரை கேஸில் சூடாக்கும் கருவியை லண்டனில் மாஹன் என்ற பெயின்டர் 1868-லேயே செய்துவிட்டார். தானாக இயங்கும் டேங்க் ஹீட்டர் அதற்குப் பிறகுதான் வந்தது: 1889, பிட்ஸ்பர்க், எட்வின் ரூட். நார்வேயிலிருந்து பிழைக்க வந்தவர். என்னைப்போலத்தான், ஆனால் அவர் உருப்படியாக ஒரு வேலை பார்த்தார். ஆக, டேங்க்தான் புதுசு. பிளம்பரிடம் இதைச் சொல்லவில்லை. மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் சரித்திரம் பேசினால் கட்டுப்படியாகாது.

நீங்கள் மின்வாரியத்தில் இருந்தவர், கணக்கு உங்களுக்குப் புரியும். கோவில்பட்டியில் மே மாதம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே குளிக்க முடியாத சூடு. இங்கே எங்கள் குழாயில் வருவது மிசிசிப்பி ஆறு. ஜனவரியில் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அதை 40 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும், அதுவும் ஓடுகிற ஓட்டத்தில். டேங்க் அடுப்புக்கு மணிக்கு 40,000 பி.டி.யு. போதும், சுவர்க் கருவிக்கு ஏறக்குறைய 2 லட்சம். அத்தனையும் கொடுத்தாலும் இந்தக் குளிரில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சொச்சம்தான் வரும். இரண்டு ஷவரை முழுசாகத் திறந்தால் சரியாய்ப் போயிற்று. மூன்றாவதாக ஒருத்தர் பாத்திரம் கழுவினால் மூன்று பேருக்கும் வெதுவெதுப்புதான். தீராது என்றாரே தவிர, எவ்வளவு வேகத்தில் வரும் என்று சொல்லவில்லை, பாருங்கள்.

மின்சாரத்தில் ஓடுவதும் உண்டு. 27 கிலோவாட் கேட்டது. நம் வீட்டு 3 கிலோவாட் கெய்சர் ஒன்பதை ஒரே சமயத்தில் போட்ட மாதிரி. உங்கள் காலத்தில் ஒருத்தர் இப்படி இணைப்புக் கேட்டு வந்திருந்தால் தொழிற்சாலைக்கா என்று கேட்டிருப்பீர்கள்.

கேஸ் கருவிக்கும் அரை அங்குலக் குழாயை முக்கால் அங்குலமாக்க வேண்டும், புகை வெளியேறச் சுவரைத் துளைக்க வேண்டும், மின் இணைப்பு தனியே வேண்டும். விலை இரண்டு மடங்குக்கு மேலே போயிற்று. பனிப்புயலில் கரண்ட் போனால் அந்தக் கருவி வேலை செய்யாது. பைலட் சுடர் எரிகிற சாதா டேங்குக்கு கரண்டே வேண்டாம்.

சுவர்க் கருவியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 20 வருடம் உழைக்கும். வருடா வருடம் வினிகர் ஓடவிட்டு உப்பைக் கரைத்தால் போதும். நாளைக்கு 41 கேலனுக்குள் வெந்நீர் செலவழிக்கும் வீடுகளில் டேங்கைவிட 24 முதல் 34 சதவீதம் சிக்கனம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. நிறையச் செலவழிக்கிறவர்களுக்கு அவ்வளவு மிச்சமில்லை. வாளியில் பிடித்துக் குளிக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் லாபம். விற்பதென்னவோ மணிக்கணக்காக ஷவரில் நிற்பவர்களிடம். ஆனால் அம்மா வந்தால் குழாயை நூல் பிடித்த மாதிரிதான் திறப்பாள். நிமிடத்துக்கு 2 லிட்டராவது ஓடினால்தான் அந்தக் கருவி பற்றிக்கொள்ளும். அம்மாவைத் தாராளமாகக் குழாய் திறக்க வைப்பதைவிட, வீட்டை மாற்றிவிடலாம்.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது உங்கள் மருமகள். பெரியவனுக்குப் பதினாறு வயது. குளிக்கப் போனால் கதவைத் தட்டியும் பயனில்லை, பெயர் சொல்லிக் கத்தியும் பயனில்லை. "டேங்க் காலியாவதால்தான் இவன் வெளியே வருகிறான். தீராத வெந்நீர் கொடுத்தால் கல்லூரிக்குப் போகிற அன்றுதான் முகத்தைப் பார்ப்போம்" என்றாள். மறுபடி 50 கேலன் டேங்கே வாங்கினோம்.

பையனும் கணக்குப் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகூட எழுப்பினால் எழாதவன், இப்போது தினமும் எங்களுக்கு முன்னால் எழுந்து குளித்துவிடுகிறான். டேங்க் மறுபடி சூடாகும்வரை நான் துண்டோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சித்திக்கு என் நமஸ்காரம்.

தங்கள் அன்பு மகன்