மரம் வேணும், கறை வேண்டாமா கண்ணு?

என்ன கண்ணு, ஊட்டு முன்னால முசுக்கொட்டை வெக்கப் போறியாமா? நல்ல காரியம். ஆனா அந்தச் செடிக்கு நானூறு ரூவா குடுத்தேன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துபோச்சு. அட்டைப்பெட்டியில வெச்சு, உன்ற பேரெழுதி, வண்டியேத்தி அனுப்பினாங்களாமா! பேரு வேற பாகிஸ்தான் மல்பெரி. அதுல பழம் வெரல் நீளம் வரும், ஒத்துக்கறேன். ஆனா ஏஞ்சாமி, ஒரு மரம் போதும்னா உடுமலைப் பக்கம் வந்து இட்டேரியில நின்னு "ஒரு குச்சி குடுங்"ன்னு கேட்டிருந்தா கட்டோட குடுத்திருப்பாங்களே. கவாத்துப் பண்ணின குச்சியை அங்க அடுப்புல வெச்சு எரிச்சுட்டு இருக்கறாங்க.

நடறதுக்கு வீடியோ பாத்தியாமா? அரை மணி நேரம் ஓடுதாமா? நான் அரை நிமிசத்துல சொல்றேன், கேளு. பென்சில் மொத்தத்துல ஆறேழு மாசம் முத்தின குச்சி. சாண் நீளம் நறுக்கிக்க. மூணு கணுவாச்சும் இருக்கோணும். ஒரு கணு வெளிய தெரியற மாதிரி மண்ணுல சொருகு. தண்ணி ஊத்து. அவ்வளவுதான். தலைகீழாச் சொருகாம இருந்தாச் சரி. இதுக்குப் போயி மண்ணுக்கு ஒரு பாக்கெட்டு, வேருக்கு ஒரு பொடி, செடிக்கு ஒரு பாட்டு. அந்தப் பாட்டை முசுக்கொட்டை எங்க கேக்கப் போவுது? அது பாட்டுக்கு வளந்துபோடும். வளராம இருக்கச் சொன்னாத்தான் கேக்காது.

சரி, நல்லதை முதல்ல சொல்லிப்போடறேன். பழம்! பச்சையா வரும், செவக்கும், பொறவு கருக்கும். செவப்புல ஆசைப்பட்டுப் பறிக்காதே, பல்லுக் கூசிப்போடும். கருத்த பழத்தைத் தொட்டா அது தானா கையோட வரோணும். இழுத்துப் பறிக்கற வரைக்கும் அது மரத்துச் சொத்து, உன்றதில்லை. பறிச்சா அன்னிக்கே தின்னுபோடு. மறுநா கொழகொழன்னு ஆயிரும். அதனாலதான் நீ தள்ளுவண்டி தள்ளிட்டுப் போற கடையில அதைப் பாக்கறது அபூர்வம். ஏசி போட்ட கடைக்கே வெக்கக் கட்டாத பழம் உன்ற வாசல்ல தொங்குதுன்னா நீ கொஞ்சம் பணக்காரன்தானே?

தழையிருக்குதே, அது வெள்ளாட்டுக்கு விருந்து. காஞ்ச தழையில நூத்துக்குப் பதினஞ்சு இருவது பங்கு புரதம்னு படிச்சவங்க எடை போட்டுச் சொல்றாங்க. ஆடு எடையும் போடலை, படிக்கவும் இல்லை. ஆனா கவுத்தை அத்துட்டு நேரா அங்கதான் ஓடுது. கட்டைக்கும் மதிப்பு உண்டு. ஜலந்தர்ப் பக்கம் ஆக்கி மட்டையே முசுக்கொட்டைக் கட்டையிலதான் பண்ணிட்டு இருந்தாங்க. அடி தாங்கும், வளைச்சா வளையும்.

இனி அடுத்த பக்கத்தைத் திருப்பு. பழம் உழுந்தாத் தரை ஊதாவாயிரும். நீ போட்டிருக்கற பேவர் பிளாக்கு சதுரடிக்கு எவ்வளவுன்னு சொன்னே? அதும்மேலதான் உழுவும். மிதிச்சுட்டு உள்ள வந்தா டைல்ஸ்மேல. கொழந்தை தின்னுட்டு உன்ற மடியில உக்காந்தா வேட்டிமேல. பச்சைக் காயைக் கசக்கித் தேச்சாக் கறை போவும்னு ஒரு பழமை உண்டு. போனாச் சந்தோசம். போகலைன்னா அன்னையிலிருந்து அது தோட்டத்து வேட்டி.

அதோட முடிஞ்சுதா? பகல்ல கொண்டைக்குருவி, மைனா, குயிலு. பொழுது எறங்கினா வவ்வாலு. உன்றகிட்டக் கேட்டுட்டா வருது? திங்கறது உன்ற மரத்துல. கழியறது பக்கத்து ஊட்டு வெள்ளைக் காருமேல. அவுரு வந்து கதவைத் தட்டுனா "சுற்றுச்சூழல் சார்"னு சொல்லிப் பாரு. காரைத் தொடைக்கற துணியை உன்ற கையில குடுத்துட்டுப் போவாரு.

உடனே நீ என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியும். "தாத்தா, பழமே காய்க்காத முசுக்கொட்டை இல்லையா? நெழலு மட்டும் போதும்." இருக்குது கண்ணு. உனக்கு முன்னாடியே அமெரிக்காவுல உன்னையாட்டம் யோசிச்சவங்க இருந்தாங்க. பாலைவனத்து ஊரு, டூசானு, லாஸ் வேகாஸு. கறை வேண்டாம், நெழலு வேணும்னு தேடித் தேடி ஆண் மரமா நட்டாங்க. தெரு சுத்தமா இருந்துது. ஆனா ஆண் மரம் சும்மா நிக்குமா? அது மகரந்தத்தை அல்லவா வீசும்! பூ வெடிக்கறப்ப அந்தத் தூளு மணிக்கு 560 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல தெறிக்குதுன்னு அளந்து பாத்திருக்கறாங்க. செடிகொடி உலகத்துல அதுக்குச் சமமான வேகம் இல்லைங்கறாங்க. ஊரே தும்மிச்சு. கண்ணு எரிஞ்சுது, மூக்கு ஒழுகுச்சு. கடைசியில லாஸ் வேகாஸுல 1991ல இனி அந்த மரத்தை நடவே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. தரைக் கறைக்குப் பயந்தவன் கைக்குட்டையோட அலைஞ்சான். இது தேவையா?

எருமை வாங்குனாச் சாணியும் கூடத்தான் வரும். பாலை மட்டும் ஓட்டிட்டு வர முடியுமா?

ஆனா உன்னை மட்டும் குத்தஞ் சொல்லக் கூடாது. ராசாக்களே அரை மரத்துக்குத்தான் ஆசைப்பட்டிருக்கறாங்க. 1609ல இங்கிலாந்துல ஜேம்ஸ்னு ஒரு ராசா. பக்கத்துல பிரான்சுக்காரன் பட்டு எடுக்கறான், நாம எடுக்க வேண்டாமான்னு 10,000 முசுக்கொட்டைச் செடியைத் தருவிச்சாரு. இப்ப பக்கிங்காம் அரண்மனை இருக்குதே, அந்தப் பக்கத்துலயே ஒரு தோட்டமும் போட்டாரு. வந்ததுல பெரும்பாலும் கருப்பு முசுக்கொட்டை. பழம்னா அதுதான் பழம். ஆனா பட்டுப்புழு விரும்பறது வெள்ளை முசுக்கொட்டைத் தழையை. ஊரு குளிரும் ஒத்து வரலை. திங்கப் போறது புழு. அதைத் தவிர மத்த எல்லார்கிட்டயும் யோசனை கேட்டிருக்கறாங்க! பட்டு வரலை. பழத்தைத் தின்னுட்டுச் சும்மா இருந்தாங்க.

அதுக்கப்பறம் அமெரிக்காக்காரன் ஒரு கூத்துக் கட்டினான். 1830கள்ல பட்டுல கோடி கோடியா வரும்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. அவனவன் முசுக்கொட்டை நாத்தை வாங்குனான். பட்டு எடுக்கவா? இல்லை, அடுத்தவனுக்கு விக்க. அவன் எதுக்கு வாங்குனான்? அவனுக்கு அடுத்தவனுக்கு விக்க. புழு ஒண்ணுதான் பாக்கி, அதைப் பத்தி ஒருத்தனும் பேசலை. 1839ல வெலை மடார்னு உழுந்துது. கடன் வாங்கி நட்டவன் தலையில துண்டு. இதைக் கேட்டுட்டுச் சிரிக்காதே. நம்ம பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் கட்டினவங்க 2012ல எங்க போயி நின்னாங்க? போலீசு டேசன் வாசல்ல. கோழியைத் திங்கறதுக்கு ஆளிருக்குதான்னு முதல்லயே ஒருத்தன் கேட்டிருந்தா அத்தனை கூட்டம் சேந்திருக்குமா?

சரியாப் பண்ணினவனும் இருக்கறான். நம்ம பக்கத்து மைசூருச் சீமையில திப்பு சுல்தான் செடியை மட்டும் நடச் சொல்லலை. வெளியிலிருந்து புழுவை வரவழைச்சாரு, வளக்கற வித்தையையும் வரவழைச்சாரு. அந்தப் பொழப்பு இருநூறு வருசத்துக்கு மேல நிக்குது. இன்னைக்கும் பெரிய பட்டுக்கூட்டுச் சந்தை ராம்நகர்லதான்.

இப்ப நீ "அப்ப நானும் நாலு புழு வளக்கட்டுமா தாத்தா, சைடு பிசினஸு"ம்பே. சித்தெ இரு. உடுமலைப் பக்கம் பட்டுப் பண்ணையம் பாக்கறவன் ஊட்டுக்கு ஒருக்காப் போயிட்டு வா. புழு வளக்கற மனைக்குள்ள நொழையறதுக்கு முன்னால செருப்பு வெளிய. காலை மருந்துத் தண்ணியில நனைக்கோணும். கையைக் கழுவோணும். பீடி குடிச்ச கையோட போகக் கூடாது. புகையிலைன்னா புழுவுக்கு ஆகவே ஆகாது. கொசுவத்தி கூடாது. பக்கத்துத் தோட்டத்துல தக்காளிக்கு மருந்தடிச்சா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டே உக்காந்திருக்கோணும். ஒறம்பரை வந்தா வாசல்லயே காப்பி.

புழு நாலு தடவை தோலுரிக்கும். இருவத்தஞ்சு நாளு சொச்சத்துல கூடு கட்டப் போயிரும். ஆனா திங்கற மொத்தத் தழையில அஞ்சுல நாலு பங்கு கடைசி ஒரு வாரத்துலதான் திங்கும். அந்த வாரத்துல வெடியால வெட்டிப் போடு, பொழுதோட வெட்டிப் போடு, ராத்திரியும் எந்திரிச்சுப் போடு. கண்ணாலம் வந்தா மொய்யை மட்டும் குடுத்தனுப்போணும். எழவு வந்தாத் தலையைக் காட்டிட்டு ஓடியாரோணும். பொறவு ஒரு கூட்டுல ஒரே இழை, கிலோமீட்டர் நீளத்துக்கு வருதுன்னு நீ வாயைப் பொளப்பே. அவன் பொளக்க மாட்டான். அவன் கண்ணு அன்னைக்கு ஏலத்து வெலைமேல இருக்கும். உனக்கு லீவு போட ஆபீசுல முடியாதுங்கறே. புழுகிட்டப் போயி லீவு கேட்டுப் பாரு.

பூச்சிக் கதை ஒண்ணு பாக்கி. 2008ல கோயமுத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்துது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, குச்சிக்கெழங்கு, முசுக்கொட்டை ஒண்ணையும் உடலை. கொம்பெல்லாம் வெள்ளைவெளேர்னு பஞ்சு அப்பிக் கெடந்துது. மருந்தடிச்சாப் பூச்சியும் சாகும், அந்தத் தழையைத் தின்ன பட்டுப்புழுவும் சாகும். 2010ல போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டாந்து உட்டாங்க. குளவின்னா நீ நெனைக்கற குளவியில்லை, கண்ணுக்கே சரியாத் தெரியாது. அது மாவுப்பூச்சி ஒடம்புக்குள்ள முட்டை வெச்சுது. குஞ்சு உள்ளிருந்தே தின்னு தீத்துது. பூச்சி அடங்கிப்போச்சு. டிரம்மு டிரம்மா மருந்து கலக்குனவனெல்லாம் வாயை மூடிட்டான். அதனால உன்ற மரத்துல நுனி சுருண்டு வெள்ளையாத் தெரிஞ்சா, அந்த நுனியைக் கிள்ளி எரிச்சுப்போடு. மருந்துக் கடைக்கு ஓடாதே. அந்தப் பழத்தை உன்ற பொண்ணுதான் திங்கப் போறா.

இப்ப ஆர்கானிக் கடையில முசுக்கொட்டைத் தழையைக் காய வெச்சுப் பொடி பண்ணி டப்பாவுல விக்கறாங்களாமா. சக்கரைக்கு நல்லதுன்னு காலையில குடிச்சுட்டு, சாயங்காலம் பேக்கரியில ரண்டு தேங்கா பன்னு. டாக்டரு குடுத்த மாத்திரையை நிறுத்திப்போட்டு இதைக் குடிக்கறவனும் உண்டு. ஆடு திங்கற தழைக்கு டப்பா போட்டதும் அறிவெல்லாம் டப்பாவுக்குள்ள போயிருச்சா?

கடைசியா நடற எடத்தைச் சொல்லிப்போடறேன். சுவத்தோரம் வேண்டாம், தண்ணித் தொட்டியோரம் வேண்டாம், சாக்கடைக் குழாயோரம் வேண்டவே வேண்டாம். வேரு தண்ணியைத் தேடிட்டுப் போவும். வண்டி நிறுத்தற எடத்துக்கு மேல கொம்பு வரக் கூடாது. கீழ டைல்ஸும் கல்லும் வேண்டாம், மண்ணா உடு. உழுந்த பழம் மக்கி அதுக்கே எருவாவும். வருசத்துக்கு ஒருக்கா கூசாம வெட்டு. புதுக் கொம்புலதான் பழம் வரும். வெட்டறதுக்கு மனசு கேக்கலைன்னு உட்டீன்னா மரம் மாடிக்குப் போயிரும், பழம் வவ்வாலுக்குப் போயிரும். ஒசரத்தைக் கையெட்டற அளவுல வெச்சுக்க. வெட்டின தழையை ஆட்டுக்காரனுக்குக் குடு. அடுத்த நோம்பிக்கு அவன் உன்னை மறக்க மாட்டான்.

மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கறியாமா? முசுக்கொட்டைக்கு அது ரண்டாவது பரிசோதனை கண்ணு. பக்கத்து ஊட்டம்மிணி துணி காயப் போடற கொடி எந்தப் பக்கம் இருக்குதுன்னு போயிப் பாத்துட்டு வா. அதுதான் முதல் பரிசோதனை. அதுல நீ தேறிட்டீன்னா தைரியமா நடு.