ஐம்பதாயிரம் தாலர் காப்பி செட்

சாக்சனியை ஆண்ட அகஸ்டஸுக்குப் ‘பலசாலி’ என்று பட்டம். குதிரை லாடத்தை வெறுங்கையால் முறிப்பாராம். கஜானாவை முறிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். 1697-ல் போலந்து சிம்மாசனத்துக்கு ஆள் தேடினார்கள். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றார்கள். புராட்டஸ்டன்ட் குரு லூத்தர் பிறந்த பூமியின் அதிபதி கூச்சப்படாமல் மதம் மாறினார். ஓட்டுப் போடும் பிரபுக்களையும் நன்றாகக் ‘கவனித்தார்’. கிரீடம் கிடைத்தது.

இரண்டு நாட்டை ஆள்பவர் சாதா டம்ளரில் காப்பி குடிக்கலாமா? டிரெஸ்டன் அரண்மனை நகை ஆசாரி யோஹான் மெல்கியோர் டிங்லிங்கர் வேலையில் இறங்கினார். எனாமலுக்குத் தம்பி கேயோர்க் ஃபிரீட்ரிஷ். தங்கக் கோப்பைகள், தங்க முலாம் பூசிய வெள்ளி, தந்தச் சிலைகள், 5,000-க்கு மேல் வைரங்கள் என்று பிரமிடு போல அடுக்கினார்கள். பில் 50,000 தாலர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அசல் பீங்கான் செய்யும் வித்தை அப்போது ஐரோப்பாவில் யாருக்கும் பிடிபடவில்லை. சீனாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கப்பலில் வந்தால்தான் உண்டு. எனவே தம்பி கண்ணாடிப் பொடியைக் குழைத்துப் பூசி, உலையில் சுட்டு, சொக்கத் தங்கத்தைப் பீங்கான் போலத் தெரியவைத்தார். தங்கத்துக்கு மண் வேஷம்!

1701 கடைசியில் செட் வார்சாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம்தான் ஸ்வீடன் ராஜா பன்னிரண்டாம் சார்லஸ், ரீகா அருகே சாக்சனிப் படையைத் துவைத்து எடுத்திருந்தார். படை போனால் போகட்டும், கோப்பை வந்ததே!

அதே 1701-ல் பெட்கர் என்ற மருந்துக்கடைப் பையன், மட்டமான உலோகத்தைத் தங்கமாக்குவேன் என்று பெர்லினில் அளந்துவிட்டு, மாட்டிக்கொள்ளுமுன் சாக்சனிக்கு ஓடிவந்தான். அகஸ்டஸ் அவனை அப்படியே அமுக்கிக் காவலில் வைத்தார். தங்கம் வந்தபாடில்லை. சிர்ன்ஹவுஸ் என்ற விஞ்ஞானி அவனை வேறு வேலையில் திருப்பிவிட, 1708-ல் உலையிலிருந்து வெளியே வந்தது பீங்கான்! 1710-ல் மைசனில் ஆலையே எழுந்தது.

அதற்குப் பிறகாவது ராஜாவின் பித்து தெளிந்ததா? 1717-ல் தம் குதிரைப்படையினர் 600 பேரைப் பிரஷ்ய ராஜாவுக்குக் கொடுத்து, 151 பீங்கான் சாமான்களை வாங்கிக்கொண்டார்.

டிங்லிங்கரின் செட் டிரெஸ்டன் ‘பச்சைப் பெட்டக’ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. மைசன் ஆலை இன்றும் கோப்பை விற்றுக் காசு பார்க்கிறது. சாக்சனிக்குச் சோறு போட்டது தங்கமல்ல, மண்தான்.