இடியம் சார்

ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். பெரும்பாலும் ரிட்டயர்டு ஹெட்கிளார்க். அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டினும், பென்சிலால் அடிக்கோடு வாங்கிய இங்கிலீஷ் பேப்பரும் அவர் சொத்து. நோட்டில் இடதுபக்கம் இடியம், வலதுபக்கம் அர்த்தம். எல்லாம் மனப்பாடம், எடுத்துவிடத்தான் சமயம் வாய்ப்பதில்லை.

மழைக்கு ஏங்குவதில் விவசாயிக்கு அடுத்தபடி இவர்தான். ஐப்பசியில் நாலு தூறல் விழுந்ததும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று தெருவுக்கே அறிவித்துவிடுவார். அந்த நாயும் பூனையும் 1738-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுத்திலேயே வந்தாயிற்று, இப்போது லண்டன்காரனே அதிகம் சொல்வதில்லை என்று சொல்லிப் பாருங்கள். "அவன் இங்கிலீஷ் கெட்டுப்போச்சு தம்பி" என்பார்.

இடியமாவது மனப்பாடத்தில் அடங்கும். ஃப்ரேசல் வெர்ப்தான் அவருக்கே எமன். 'புட்' என்னவோ ஒன்றுதான். 'ஆஃப்' சேர்த்தால் தள்ளிப்போடுவது, 'அவுட்' சேர்த்தால் நெருப்பை அணைப்பது, 'அப் வித்' சேர்த்தால் சகித்துக்கொள்வது. இந்தக் கடைசியை நோட்டுப் பார்க்காமலே கற்றவர் அவர் மனைவி.

சமீபத்தில் தெருவில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். பேரன் வாட்ஸ்அப்பில் 'கிராண்ட்ஃபாதர் பாஸ்டு அவுட்' என்று போட்டிருந்தான். சார் மாலையோடு வந்தார், பையன் கையைப் பிடித்தார். துக்கம் விசாரிக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"தம்பி, பாஸ்டு அவுட்னா மயக்கம் போடறது. தாத்தாவுக்கு பாஸ்டு அவே."

"காலேஜ்ல 2019 பாஸ்டு அவுட் பேட்ச்னுதானே சார் சொல்வாங்க?"

"அது நம்ம ஊரு வழக்கம். இங்கிலாந்துல மிலிட்டரி ட்ரெயினிங் முடிச்சவனுக்குத்தான் அந்த வார்த்தை."

சங்கு ஊத வந்தவர் சங்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். 'கிக் த பக்கெட்' என்ற கேலிச் சொல்லை அந்தப் பந்தலில் எடுக்காமல் விட்டாரே, அந்த மட்டில் சார் பண்பானவர்தான்.

எஸ்.எஸ்.சி. தேர்வில் இடியம் கேட்கிறார்கள். பிள்ளைகளே, சாயங்காலம் போய் அவரிடம் உட்காருங்கள். காசு வாங்கமாட்டார், காப்பியும் கிடைக்கும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று மட்டும் வீட்டில் சொல்லிவைக்காதீர்கள்.