முன்னாடி இருந்த மெக்கானிக்

பழைய அம்பாசடர் வைத்திருப்பவரைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். "தூக்கிச் சாத்துங்க! அப்படி இல்ல… கொஞ்சம் தூக்கி, உள்ளே தள்ளி… ம், இப்ப விடுங்க." ஏறுகிறவர் சம்பந்தியே ஆனாலும் இந்தப் பயிற்சி வகுப்பிலிருந்து விலக்கு கிடையாது.

உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. அவரைக் கேட்டால் அது நாட்டுக்குத்தான் நஷ்டம். கதவு தொங்குவதும் அவருக்குப் பெருமைதான். "கனமான கதவு சார், தொங்கத்தானே செய்யும்? இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா."

உண்மையில் தேய்ந்தது கீல் பின். அதிகம் திறந்து மூடுவது டிரைவர் பக்கம் என்பதால் அந்தக் கதவுதான் முதலில் இறங்கும். அவரும் சளைக்காமல், கதவு இறங்க இறங்க, தூணில் இருக்கும் பூட்டுக் கொண்டியின் ஸ்குருவைத் தளர்த்தி அதையும் கீழே இறக்கிக்கொண்டே வருவார். கொண்டி இனி இறங்க இடமில்லை என்றான பிறகு, ஒரு வேகத்தடையில் கதவு தானாகத் திறந்துகொள்ளும். மனைவி இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விடுவார். அப்போதுதான் கீலைப் பற்றிய சிந்தனையே பிறக்கும்.

"ஒரு பின்னைத் தட்டி எடுக்க மெக்கானிக் எதுக்கு?" ஞாயிற்றுக்கிழமை காலை லுங்கியை மடித்துக் கட்டி, சுத்தியலோடு உட்காருவார். எதிர்வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார். வாட்ச்மேன் தேங்காய் எண்ணெய்க்கு ஓட்டுப் போடுவார். இரண்டும் ஊற்றப்படும். எண்ணெய் ஊறும்வரை பொறுக்க மட்டும் யாருக்கும் மனம் வராது. ஓங்கி ஓர் அடி. பின் அசையாது, அதன் முனை மட்டும் காளான் குடையாக விரியும். இனி அது ஓட்டைக்குள் நுழையவே நுழையாது. அதுவரை துரு மட்டும் பிடித்து வைத்திருந்த பின், அவர் புண்ணியத்தில் ரிவிட்டாகவும் ஆகிவிடும்.

சாயங்காலம் வண்டி பட்டறையில் நிற்கும். பட்டறைக்கார பாய் குனிந்து பார்ப்பார். "யார் சார் இதை அடிச்சது?"

"முன்னாடி இருந்த மெக்கானிக்" என்பார் கூசாமல்.

பாய் அவசரப்பட மாட்டார். கதவுக்கு அடியில் ஜாக்கி, அதன்மேல் பலகை, பலகைமேல் சாக்கு. விரிந்த முனையை அரத்தால் ராவி, எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறப்போடுவார். மறுநாள் பின்னில் படாமல் கீலின் காதை மட்டும் சூடுபடுத்துவார். காது விரியும், பின்னைவிடச் சற்று மெல்லிய இரும்பு 'பஞ்ச்' ஒன்றை வைத்து அளவாய்த் தட்ட, பின் முனகிக்கொண்டே வெளியே வரும். நடுவில் தேய்ந்து இடுப்பு சிறுத்திருக்கும். அடுத்த கீலில் கை வைப்பது இது முடிந்த பிறகுதான். ஓவலாகிப்போன துளையை லேத்தில் சரிசெய்து, புது புஷ்ஷும் அதற்கேற்ற பின்னும் போட்டு கிரீஸ் தடவினால் கதவு பழைய உயரத்துக்கு வந்துவிடும்.

ஆனால் பூட்டு பிடிக்காது. கதவு மேலே போய்விட்டது. கொண்டி கீழேயே இருக்கிறது.

"இவ்வளவு கீழே கொண்டியை இறக்கினது யாரு சார்?"

"அதே மெக்கானிக்தான் பாய்."

"ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார் அவரை. சுத்தியல் பிடிக்கவாவது கத்துக்கொடுக்கறேன்."

"வெளியூர் போயிட்டான் பாய்" என்பார், கையிலிருக்கும் சுத்தியல் காயத்தைப் பாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு.